பெட்டியில் ‘10 கிலோ’ன்னு போட்டிருக்கு, அது போதுமா? கனமான கேமராவும் மூணு காலும்

(பாட்காஸ்ட் உரையின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

லென்ஸ் பத்தி நாம மணிக்கணக்கா பேசுவோம். எந்த கேமரா பாடி நல்லதுன்னு சண்டையே போடுவோம். அதையெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்கிற மூணு காலைப் பத்தி மட்டும் யாரும் பேசுறதில்லை. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்: ட்ரைபாட்.

இதுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின கேள்வி. அவரும் நம்ம திருவல்லிக்கேணிதான். கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர்கிட்ட உதவியாளரா இருக்கார். சித்திரை பிரம்மோற்சவத்துல பார்த்தசாரதி பெருமாள் தேர் வரும்போது, நண்பர் வீட்டு மூணாவது மாடி மொட்டை மாடியில இருந்து எடுக்கணும்னு ஆசை. சோனி 200-600 லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கப் போறார். அவர் எழுதினது இது: “பாடி, லென்ஸ் ரெண்டும் சேர்ந்தாலும் மூணு கிலோதான் வருது. என்கிட்ட இருக்கிற ட்ரைபாட் பெட்டியில 10 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. மூணு மடங்குக்கு மேல இருக்கே, போதாதா ப்ரோ?”

நேரா பதில் சொல்லிடறேன். போதும்னு சொல்ல முடியாது. அந்த 10 கிலோ பொய்னு நான் சொல்லலை. அது வேற ஒரு கேள்விக்கான பதில். மேல இருந்து நேரா கீழே அழுத்துற எடையை இந்தக் கால் தாங்குமாங்கிறதுக்குத்தான் அந்த எண். அதையும் எப்படிச் சோதிக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு முறை கிடையாது, ஒவ்வொருத்தரும் அவங்க வழியில போட்டுக்கிறாங்க. ஆனா ட்ரைபாட் எடை தாங்காம நொறுங்கி விழுறது ரொம்ப அபூர்வம். அது விழுறது பக்கவாட்டு விசையில. ஒருத்தர் முழங்கை படும், கடல் காத்து அடிக்கும், லென்ஸ் முன்பக்கமா சாயும். பெட்டியில போடாத அந்தப் பக்கவாட்டு விசையைப் பத்தித்தான் இந்த எபிசோட் முழுக்க.

தஞ்சாவூர், 1808

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன்கிற ராணுவ அதிகாரி, பரங்கிமலை பக்கத்துல ஆரம்பிச்சு தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுக்கப் போன அந்தப் பெரிய முக்கோண நில அளவையோட தொடக்கம் அதுதான். கோணம் அளக்க அவர் கையில இருந்தது லண்டன்ல செஞ்ச ஒரு தியோடலைட். எடை சுமார் அரை டன். அன்னைக்கு அதைவிடக் கனமான தொலைநோக்கிக் கருவியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவங்க யாராவது இருந்திருப்பாங்களான்னு சந்தேகம்தான்.

காவிரி டெல்டா சமவெளியாச்சே, உயரமான இடம் வேணும்னா கோயில்தான். 1808-ல தஞ்சாவூர்ல அந்தக் கருவியைக் கயிறு கட்டி கோயில் உச்சிக்கு ஏத்தினாங்க. ஏத்தும்போது விபத்து. இதுல கவனிக்க வேண்டியது, எடையைத் தாங்கின பெரிய கயிறு அறுந்து போகலைங்கிறதுதான். கருவி சுவர்ல இடிக்காம வெளிப்பக்கமா இழுத்துப் பிடிக்கிறதுக்கு பக்கவாட்டுக் கயிறுகள் கட்டியிருந்தாங்க. அதுல ஒண்ணு அறுந்தது. அரை டன் கருவி ஊஞ்சல் மாதிரி போய் சுவர்ல மோதிச்சு. கோணம் அளக்கிற பெரிய வட்டம் நெளிஞ்சு போச்சு. வேற யார் பார்த்தாலும் இனிமே இது உதவாதுன்னு சொல்லியிருப்பாங்க.

லாம்டன் விடலை. கருவியைப் பிரிச்சுப் போட்டு, ஒரு பலகையில சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஆறு வாரத்துல கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். நாம வாடகைக்கு எடுக்கிற லென்ஸுக்கு அந்த வைத்தியம் எல்லாம் நடக்காது. அட்வான்ஸும் போயிரும், பல மாசச் சம்பளமும் போயிரும்.

நான் சொல்ல வர்றது இதுதான். பெரிய கயிறை எல்லாரும் ரெண்டு தடவை பார்ப்பாங்க, சின்னக் கயிறை யாரும் பார்க்க மாட்டாங்க. ட்ரைபாட்லயும் கால் எவ்வளவு தடிமன்னு பார்ப்போம். அடியில இருக்கிற ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பார்க்க மாட்டோம்.

எவ்வளவு தள்ளினா விழும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க, பத்தாம் கிளாஸ் கணக்குதான்.

நேயரோட செட்டப்பையே எடுத்துக்கலாம். பாடி, லென்ஸ், ஹெட் சேர்த்து மேலே 3.5 கிலோ, கால் 2 கிலோ, மொத்தம் 5.5. கேமரா இருக்கிற உயரம் ஒன்றரை மீட்டர். வழக்கமான ட்ரைபாட்ல ஒரு கால் நடுவுல இருந்து ஏறக்குறைய 64 சென்டிமீட்டர் தள்ளி ஊனும்.

அடுப்புக்கு மூணு கல் வைக்கிற மாதிரிதான் இது. மூணு புள்ளி எந்தத் தரையிலும் ஆடாம உக்காரும். நாலு கால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. ஆனா முக்காலிக்கு ஒரு பலவீனம் இருக்கு. கால் இருக்கிற திசையில தள்ளினா நடுவுல இருந்து 64 செ.மீ. ஆதாரம். ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கிற திசையில தள்ளினா அதுல சரி பாதி, 32 செ.மீ.தான். முக்கோணத்தோட பக்கம் நடுவுக்கு அவ்வளவு கிட்ட இருக்கு.

இப்போ கேமரா உயரத்துல எவ்வளவு விசை குடுத்தா சாயும்? 5.5 கிலோவை 32-ஆல பெருக்கி 150-ஆல வகுங்க. 1.2 கிலோ விசை கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கூட்டத்துல ஒரு தோள்பட்டை உரசினாலே அதைவிட ஜாஸ்தி வரும். பெட்டியில 10 கிலோ போட்டிருந்தாலும் சரி, 25 கிலோ போட்டிருந்தாலும் சரி, இந்த 1.2 மாறாது.

இந்தக் கணக்குலயே தீர்வும் இருக்கு, மூணு விஷயம்.

ஒண்ணு, உயரத்தைக் குறைங்க. ஒன்றரை மீட்டரை முக்கால் மீட்டராக்கி, காலை அதே அகலத்துக்கு விரிச்சு வெச்சா, தள்ளுறதுக்கு இரண்டு மடங்கு விசை வேணும். ஸ்டூல் போட்டு உக்கார்ந்து எடுக்கிறது சோம்பேறித்தனம் இல்லை, இயற்பியல்.

ரெண்டு, கீழே எடை சேருங்க. நடுவுல இருக்கிற கொக்கியில 5 கிலோ பையைத் தொங்கவிட்டா 1.2 கிட்டத்தட்ட 2.2 ஆகுது. ஆனா பை காத்துல ஊஞ்சல் ஆடக் கூடாது. அடிப்பாகம் தரையைத் தொட்ட மாதிரி இருக்கணும்.

மூணு, ஒரு காலை லென்ஸ் நீட்டுற திசையில வைங்க. நீள லென்ஸ் முன்னாடி சாயத்தான் பார்க்கும். அந்தப் பக்கம் 32 இல்லாம 64 இருக்கட்டும். அப்படி வெச்சா மத்த ரெண்டு காலுக்கு நடுவுல நீங்க நிக்கலாம், கால் தடுக்காது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்

முதல்ல குழாய். ஒரே தடிமன் சுவர் உள்ள குழாய்ல, வளையாத தன்மை விட்டத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். 22 மி.மீ. குழாய்க்கு பதிலா 32 மி.மீ. எடுத்தா ஏறக்குறைய மூணு மடங்கு விறைப்பு. கனமான லென்ஸுக்கு மேல் குழாய் 28-ல இருந்து 32 மி.மீ. வரைக்கும் பாருங்க. கடையில மேல் குழாயைக் காட்டி விப்பாங்க. நீங்க கடைசி குழாயை இழுத்துப் பாருங்க. பலவீனமான இடம் அதுதான். நாலு, அஞ்சு துண்டா மடியுற கால் பைக்குள்ள அழகா அடங்கும், ஆனா கடைசித் துண்டு பென்சில் மாதிரி இருக்கும். வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் எடுக்கப் போறீங்கன்னா மூணு துண்டு போதும்.

அலுமினியமா கார்பன் ஃபைபரா? கார்பன் எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், விலை அதிகம். பட்ஜெட் கம்மின்னா, மெல்லிய கார்பனைவிடத் தடிச்ச அலுமினியம் மேல். ரெண்டுமே மின்சாரம் கடத்தும். இதுக்கு அப்புறம் வர்றேன்.

நடுத்தண்டு, அதாவது சென்டர் காலம். அதைத் தூக்கினா உங்ககிட்ட இருக்கிறது மூணு கால் இல்லை, மூணு கால் மேல நிக்கிற ஒத்தக் கால். கனமான லென்ஸுக்கு அதைத் தூக்கவே வேண்டாம். நடுத்தண்டே இல்லாத மாடல் கிடைச்சா இன்னும் நல்லது.

அடுத்தது ஹெட். பால் ஹெட் சின்ன லென்ஸுக்கு அருமை. மூணு கிலோவுக்கு, திருகைக் கொஞ்சம் தளர்த்தின உடனே லென்ஸ் மூக்கு குத்திக்கிட்டு விழும். எடை ஒரு பக்கம் போனதும் ட்ரைபாட்டும் கூடவே சாயும். நீள லென்ஸுக்கு கிம்பல் ஹெட் எடுங்க. வீடியோக்காரங்க கையில பிடிச்சு ஓடுற மோட்டார் கிம்பல் இல்லை. இது மோட்டார் இல்லாத, லென்ஸைத் தொட்டில் மாதிரி பிடிச்சுக்கிற ஹெட். லென்ஸை முன்ன பின்ன நகர்த்தி சமன் பண்ணிட்டா, திருகை முழுசாத் தளர்த்தினாலும் விட்ட இடத்துலயே நிக்கும். வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். அதுல உங்க கேமரா எடைக்கு ஏத்த கவுன்டர்பேலன்ஸ் இருக்கான்னு கேளுங்க.

கடைசியா நம்ம ‘சின்னக் கயிறு’: ப்ளேட்டும் ஸ்க்ரூவும். கேமரா அடியில இருக்கிறது வழக்கமா 1/4 அங்குல ஸ்க்ரூ. பெரிய லென்ஸோட கால்ல 3/8 அங்குல ஓட்டையும் இருக்கலாம், இருந்தா அதைப் பயன்படுத்துங்க. லென்ஸுக்குக் கால் இருந்தா ப்ளேட்டை அதுலதான் மாட்டணும். கேமரா பாடியில மாட்டினா முழு லென்ஸ் எடையும் மவுன்ட் வளையத்தைப் பிடிச்சுத் தொங்கும். ஒத்த ஸ்க்ரூன்னா சுத்திக்கிட்டே தளரும், அதனால ரெண்டு ஸ்க்ரூ போடுற நீள ப்ளேட்டா வாங்குங்க. ஆர்க்கா-ஸ்விஸ் வகை ப்ளேட் அடியில ரெண்டு முனையிலும் குட்டித் திருகு இருக்கும். கிளாம்ப் தளர்ந்தாலும் ப்ளேட் வழுக்கி வெளியே வராம தடுக்கிறது அதுதான். பல பேர் இடைஞ்சலா இருக்குன்னு கழட்டிப் போட்டுடறாங்க. கழட்டாதீங்க. பல டன் தேரை இழுக்கிறது வடம், ஆனா அதைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில போடுற முட்டுக்கட்டைதான் வேணும்னு மாட வீதியில நின்ன யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.

மொட்டை மாடியில்

இப்போ நேயரோட மாடிக்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே கவலை இங்கதான்.

தேர் அன்னைக்கு மாட வீதியில கீழே எள் போட்டா எள் விழாது. மாடியில இருந்து 10 மீட்டர் கீழே தெரு. பாடி, லென்ஸ், ஹெட் சேர்ந்து 3.5 கிலோ விழுந்தா ஒன்றரை செகண்டுக்குள்ள தரைக்கு வரும், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். பக்கத்துல சேப்பாக்கத்துல ஒரு வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்துல போடுற பந்தோட ஆற்றலைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு. அங்க பேட்ஸ்மேன் ஹெல்மெட் போட்டிருக்கார். இங்க கீழே நிக்கிறவங்க தேரைப் பார்த்துக் கை கூப்பிக்கிட்டு நிப்பாங்க. லென்ஸ் போனா பணம் போகும். இது வேற.

அதனால சில விதிகள்.

கைப்பிடிச் சுவர்ல ஒட்டி ட்ரைபாட்டை நிறுத்தாதீங்க. சுவர் மூணு அடி, கேமரா அஞ்சு அடி உயரத்துல இருந்தா, சாயும்போது சுவரே நெம்புகோல் மாதிரி ஆகி அதை வெளியே தள்ளிவிடும். ட்ரைபாட் எவ்வளவு உயரமோ, குறைஞ்சது அவ்வளவு தள்ளி உள்ளே வைங்க. விழுந்தாலும் மாடியிலேயே விழட்டும். 600 மி.மீ. லென்ஸ்ல நீங்க எடுக்கப் போறது தெருக்கோடியில தேர் திரும்புற காட்சி, உங்க காலுக்குக் கீழே இருக்கிறதை இல்லை. தள்ளி வெச்சா நஷ்டம் ஒண்ணும் இல்லை.

கயிறு கட்டுங்க. ட்ரைபாட்டோட மேல்பாகத்தை அசையாத ஒண்ணோட, அதாவது கான்கிரீட் தூண் மாதிரி ஒண்ணோட கட்டணும். கொடிக்கயிறு, பிவிசி பைப், டிஷ் ஆன்டெனா கம்பி இதெல்லாம் ஆகாது. கயிறு நீளம் கைப்பிடிச் சுவர் வரைக்கும் எட்டாத அளவுக்கு இருக்கணும். லென்ஸ் காலை ட்ரைபாட்டோட தனியா இன்னொரு வாரால கட்டுங்க. ப்ளேட் கழண்டா அந்த வார்தான் பிடிக்கும்.

மாடித் தரை மழைத் தண்ணி ஓடுறதுக்காகச் சரிவா இருக்கும். லெவல் குமிழி பார்த்துக் கால் நீளத்தைச் சரி பண்ணுங்க, ஹெட்டைச் சாய்ச்சு சரிக்கட்டாதீங்க. மதியத்துக்கு மேல கடல் காத்து வந்துடும். கேமரா ஸ்ட்ராப் கொடி மாதிரி அடிச்சுக்கும், கழட்டிடுங்க. பெரிய லென்ஸ் ஹூட் பாய்மரம்தான். காத்து ஜாஸ்தின்னா அதையும் எடுத்துடுங்க.

குழந்தைங்க ஓடுற மாடின்னா இன்னும் தாழ்த்துங்க. “கொஞ்சம் பார்த்துக்கோங்க”ன்னு சொல்லிட்டுக் காபி குடிக்கக் கீழே போகாதீங்க. போறதா இருந்தா கேமராவைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க.

தெருவிலும் மணலிலும்

தேர் அன்னைக்குத் தெருவுல ட்ரைபாட்டே வேண்டாம். கூட்டம் ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சா உங்க மூணு கால் மத்தவங்க காலைத் தட்டிவிடும். மோனோபாட் வெச்சுக்கோங்க, இல்லை சின்ன லென்ஸைக் கையில பிடிங்க. உயரத்துல இருந்து எடுக்கணும்னு ட்ரைபாட்டையோ லைட் ஸ்டாண்டையோ தலைக்கு மேல தூக்காதீங்க. நம்ம பக்கம் சந்துல ஒயர் கைக்கெட்டுற தூரத்துல தொங்கும். முன்னாடி சொன்ன மாதிரி அலுமினியம், கார்பன் ரெண்டுமே மின்சாரம் கடத்தும். இடி மின்னல் வந்தா மாடியிலும் அதே கதைதான். எல்லாத்தையும் மடக்கிட்டு இறங்கிடுங்க.

மெரினாவுல காலை வெளிச்சத்துக்குப் போறவங்களுக்கு: மணல்ல வழக்கத்துக்கு மாறா முதல்ல கடைசித் துண்டை முழுசா இழுங்க. அப்போதான் லாக் எல்லாம் மணலுக்கும் உப்புத் தண்ணிக்கும் மேல நிக்கும். ஒவ்வொரு காலையும் கையால அழுத்தி, இனிமே இறங்காதுங்கிற வரைக்கும் ஊன்றுங்க. காய்ஞ்ச மணல்னா அடியில பழைய சிடி, தட்டையான டப்பா மூடி ஏதாவது வைங்க. அலை வந்து போற இடத்துல நிறுத்தினா, ஒவ்வொரு அலையும் காலுக்கு அடியில இருக்கிற மணலைக் கொஞ்சம் அரிச்சுட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, பத்தாவது அலையில சாயும். அங்க கையை எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் காலை நல்ல தண்ணியில கழுவி, இழுத்து வெச்சுக் காய விடுங்க. உப்பு காய்ஞ்ச லாக் ஒரு நாள் இறுகின மாதிரி நடிச்சுட்டு வழுக்கும்.

நேயருக்குப் பதில்

சுருக்கமாச் சொல்றேன். லென்ஸை வாடகைக்கு எடுக்கும்போதே கிம்பல் ஹெட்டையும் தடிச்ச மூணு துண்டு ட்ரைபாட்டையும் சேர்த்து எடுங்க. கடையிலேயே லென்ஸை மாட்டிப் பாருங்க. ப்ளேட் அந்த ஹெட்டோட கிளாம்புக்குப் பொருந்துதான்னு பார்க்கிற இடம் கடைதான், தேரடி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் மாடியில காலியா நிறுத்தி, எந்த உயரம், எவ்வளவு தள்ளி, எங்க கயிறு கட்டலாம்னு முடிவு பண்ணிடுங்க.

அன்னைக்கு வரிசை இது: முதல்ல காலை முழுசா விரிங்க. ஒவ்வொரு லாக்கையும் கையால தொட்டுப் பாருங்க. மேல இருந்து அழுத்திப் பாருங்க. பையைத் தொங்கவிடுங்க. கயிறைக் கட்டுங்க. கேமரா ஏறுறது கடைசியில. கிளாம்பை இறுக்கினதும் உடனே கையை எடுக்காம, லென்ஸைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க. அசையலைன்னா விடுங்க. கழட்டும்போது இதே வரிசை தலைகீழ்: முதல்ல இறங்குறது கேமரா.

மென்பொருள் வேலையில நாங்க சொல்ற ஒரு வழக்கம், எது உடையும்னு யோசிக்கிறதோட நிறுத்தாம, உடைஞ்சா யாருக்கு அடிபடும்னும் யோசிக்கணும். மாடியில ட்ரைபாட்டை நிறுத்தும்போது கீழே ஒரு தடவை எட்டிப் பாருங்க. மத்த முடிவெல்லாம் தானா சரியா வரும்.

உங்க ஊர்த் திருவிழாவுல, கடற்கரையில நீங்க எப்படிக் கேமராவை நிறுத்துறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.